டயாலிசிஸ் திரவத்தின் சூடும் ரத்த ஆக்சிஜனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டயாலிசிஸ் யூனிட்டில் நோயாளிகளும் கூட வருபவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். முதலில் அடிப்படை, போகப் போகச் சிக்கலானவை. 15ஆம் கேள்வியைத் தவிர மற்ற எல்லாம் மெஷினில் ரத்தம் சுத்திகரிக்கும் ஹீமோடயாலிசிஸ் பற்றியவை. உங்கள் மெஷினில் எத்தனை டிகிரி வைக்க வேண்டும் என்பதை உங்களைப் பார்க்கும் சிறுநீரக மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

1. டயாலிசிஸ் தண்ணி எவ்வளவு சூட்டுல ஓடுது?

வழக்கமாக 36.5 முதல் 37 டிகிரி செல்சியஸ். 36க்குக் கீழே, 35 அல்லது 35.5 என்று வைத்தால் அதைக் குளிர்ந்த டயாலிசிஸ் என்கிறோம். பெயரைக் கேட்டு ஐஸ் தண்ணீர் என்று நினைத்துவிட வேண்டாம். கையை விட்டுப் பார்த்தால் அதுவும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும்.

மருத்துவர் எழுதிக் கொடுப்பதை நாங்கள் மெஷினில் பதிவு செய்கிறோம். பல இடங்களில் யாரும் தனியாக எழுதுவதில்லை; மெஷினில் ஏற்கெனவே இருக்கும் எண்ணிலேயே எல்லோருக்கும் ஓடும். உங்களுக்கு எத்தனை டிகிரியில் ஓடுகிறது என்று ஒரு தடவை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

2. அந்தத் தண்ணி ரத்தத்தோட கலக்கவே இல்லைன்னு சொல்றீங்க. அப்புறம் ஏன் எனக்குக் குளிருது?

ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டிதான் டயாலைசர். அதற்குள் ரத்தம் மெல்லிய இழைகளின் உள்ளே ஓடுகிறது, கழிவை வாங்கிக்கொள்ளும் டயாலிசிஸ் திரவம் அந்த இழைகளுக்கு வெளியே ஓடுகிறது. இழையின் சுவர் பெரிய அணுக்களைத்தான் தடுக்கும், சூட்டைத் தடுக்காது. திரவம் நிமிடத்துக்கு 500 மி.லி. ஓடினால் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர். உங்கள் ரத்தம் அத்தனை திரவத்தின் பக்கத்தில் மறுபடி மறுபடி போய் வருகிறது. அதனால் டயாலைசரை விட்டு வெளியே வரும்போது ரத்தத்தின் சூடு கிட்டத்தட்ட திரவத்தின் சூட்டுக்கே வந்துவிடும். போதாக்குறைக்கு வெளியே தொங்கும் குழாய்களிலும் அறையின் குளிர் கொஞ்சம் ஏறும்.

சிறுநீரக நோயாளிகளில் பலருக்கு உடல் சூடே 37க்குக் குறைவு, 36 சொச்சம்தான் இருக்கும். அவர்களுக்கு 37இல் ஓட்டினால் உடம்பைச் சூடேற்றுகிறோம். அதே 36.5 ஒருவருக்குச் சூடாகவும் இன்னொருவருக்குக் குளிராகவும் இருப்பது இதனால்தான்.

3. டிகிரியைக் குறைச்சா என்ன நல்லது?

பிபி விழுவது குறையும். மெஷின் தண்ணீரை இழுக்க இழுக்க ரத்தக் குழாயில் அளவு குறைகிறது. ஈடுகட்ட உடம்பு தோலுக்குப் போகும் குழாய்களைச் சுருக்குகிறது. தோல் வழியாக வெளியேற வேண்டிய சூடு இதனால் உள்ளேயே தங்குகிறது. ஒரு கட்டத்தில் அந்தச் சூட்டை வெளியேற்ற உடம்பு குழாய்களை மறுபடி விரிக்கிறது. பிபி சரிவது அப்போதுதான். திரவம் கொஞ்சம் குளிர்ந்திருந்தால் சூடு சேராது, குழாய்கள் சுருங்கியே இருக்கும், இதயமும் கொஞ்சம் பலமாகச் சுருங்கும்.

இதை முதலில் கவனித்தவர்களில் ஒருவர் இத்தாலிய மருத்துவர் குயிரினோ மஜ்ஜோரே. டயாலிசிஸ் திரவம் இல்லாமல் தண்ணீரை மட்டும் இழுத்தால் பிபி ஏன் அவ்வளவாக விழுவதில்லை என்ற கேள்விக்கு, ரத்தம் வெளியே ஓடும்போது குளிர்வதுதான் காரணம் என்று 1980களின் தொடக்கத்தில் காட்டினார். அதற்குப் பின் நடந்த பல சிறு ஆய்வுகளும் குளிர்ந்த திரவத்தில் பிபி சரிவு நன்றாகக் குறைவதாகவே சொன்னன. யூரியா என்ற கழிவு வெளியேறுவதில் குறிப்பிடத்தக்க வித்தியாசமும் இல்லை.

4. அவ்வளவு நல்லதுன்னா எல்லாருக்கும் குறைச்சே வெச்சுடலாமே?

பல யூனிட்டுகள் அப்படித்தான் நினைத்தன. கனடாவின் ஒன்டாரியோவில் 84 டயாலிசிஸ் மையங்களில், 15,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2017 முதல் 2021 வரை மைடெம்ப் என்ற பெரிய ஆய்வு நடந்தது. ஒரு பாதி மையங்களில் ஒவ்வொருவரின் உடல் சூட்டைவிட 0.5 முதல் 0.9 டிகிரி குறைவாக வைத்தார்கள். மறு பாதியில் எல்லோருக்கும் 36.5. இதய, ரத்தக்குழாய்ப் பிரச்சினைகளால் இறந்தவர்கள் அல்லது மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் குறைத்த பக்கம் 21.4 சதவீதம், 36.5 வைத்த பக்கம் 22.4. அதாவது சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. குளிர் தாங்கவில்லை என்று சொன்னவர்கள் மட்டும் குறைத்த பக்கம் அதிகம். முடிவு 2022இல் வெளிவந்தது.

ஆகவே யூனிட் முழுக்க ஒரே உத்தரவாகக் குறைப்பதால் பெரிய பலன் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மூன்றாவது மணி நேரத்தில் பிபி விழுந்து, கண் இருட்டி, காலைத் தூக்கிப் படுக்க வைக்க வேண்டிய நோயாளி என்றால் கதை வேறு. அவருக்கு முயன்று பார்க்க வேண்டிய முதல் சில விஷயங்களில் இது ஒன்று என்பேன். செலவில்லை, மருந்தில்லை, பிடிக்கவில்லையென்றால் அடுத்த நிமிடமே பழைய எண்ணுக்குத் திருப்பிவிடலாம்.

5. சாச்சுரேஷன் 97 காட்டுது. ஆனா ரெண்டு படி ஏறினா மூச்சு வாங்குது. மெஷின் பொய் சொல்லுதா?

பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர், இருக்கிற ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதம் ஆக்சிஜனைச் சுமக்கிறது என்று காட்டும்; அதுதான் சாச்சுரேஷன். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது. பத்துப் பேருந்தும் நிரம்பி ஓடினாலும், ஐந்தே பேருந்து நிரம்பி ஓடினாலும் அது "நிரம்பியிருக்கிறது" என்றுதான் சொல்லும்.

1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். ஹீமோகுளோபின் 12 கிராம் இருப்பவரின் 100 மி.லி. ரத்தத்தில், சாச்சுரேஷன் 97 என்றால், 15.6 மி.லி. ஆக்சிஜன் இருக்கும். ஹீமோகுளோபின் 8 என்றால் அதே 97இல் 10.4 மி.லி.தான். மூன்றில் ஒரு பங்கு காணோம், திரையிலோ ஒரே எண். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ரத்தசோகை சகஜம் என்பதால் இந்த இரண்டு எண்களையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

6. மெஷின் போட்ட அரை மணியில ஆக்சிஜன் இறங்குது. மெஷின் ஆக்சிஜனை உறிஞ்சுதா?

உறிஞ்சுவதில்லை. ஆனால் டயாலிசிஸ் தொடங்கி முதல் 30 முதல் 60 நிமிடத்தில் ஆக்சிஜன் கொஞ்சம் இறங்குவது உண்மை. பல வருடங்களாகத் தெரிந்த விஷயம் இது.

பழைய காலத்தில் இரண்டு பெரிய காரணங்கள் இருந்தன. ஒன்று, ரத்தத்தின் அமிலத்தன்மையைக் குறைக்க அன்று அசிடேட் சேர்த்த திரவம்: ரத்தத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு திரவத்துக்குள் போய்விடும். மூச்சை இழுக்கச் சொல்லி மூளையைத் தூண்டுவதே கார்பன் டை ஆக்சைடுதான். அது குறைந்ததும் மூச்சின் வேகம் குறையும். இன்னொன்று, அன்றைய செல்லுலோஸ் டயாலைசர்கள்: வெள்ளணுக்களைச் சீண்டிவிட, அவை நுரையீரலின் நுண் குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். 1977இலேயே இதை விளக்கிவிட்டார்கள். இப்போதைய பைகார்பனேட் திரவத்திலும் செயற்கை இழை டயாலைசர்களிலும் இந்த இரண்டும் பெருமளவு குறைந்துவிட்டன.

முழுக்கப் போகவில்லை. பைகார்பனேட் உள்ளே ஏற ஏற ரத்தத்தின் அமிலத்தன்மை குறைகிறது, அதனாலும் மூச்சு சற்று மந்தமாகும். நல்ல நுரையீரல் உள்ளவருக்கு 98 என்பது 96 ஆகும், அவருக்கே தெரியாது. ஏற்கெனவே 92இல் இருக்கும் நுரையீரல் நோயாளிக்கு அதே இறக்கம் பெரிசு.

7. டிகிரியைக் குறைச்சதும் விரல்ல 86 காட்டுது! குளிர்ந்த தண்ணி ஆக்சிஜனைக் குறைச்சிடுச்சா?

அதிகம் பயமுறுத்தும் கேள்வி இது. நுரையீரலைச் சந்தேகப்படும் முன் விரலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருக்கிறதா? 3ஆம் பதிலில் சொன்னபடி, குளிர்ந்த திரவம் தோலின் குழாய்களைச் சுருக்குகிறது. பிபி நிற்பது அதனால்தான், விரல் நுனிக்கு ரத்தம் குறைவதும் அதனால்தான். ஆக்ஸிமீட்டர் ஒளியை விரல் வழியாகச் செலுத்தி, நாடித் துடிப்போடு மாறும் பகுதியை வைத்துக் கணக்குப் போடுகிறது. துடிப்பே மெலிந்துவிட்டால் அதன் கணக்கு தப்பும்.

டயாலிசிஸ் நோயாளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி போட கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த இடம், இடது கையில் என்றால் பிபி பட்டை வலது கையில் இருக்கும். ஃபிஸ்டுலா ரத்தத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அந்தக் கையின் விரல்கள் பலருக்கு எப்போதுமே குளிர்ந்திருக்கும், எனவே அங்கே மாட்டுவது சரியில்லை. வலது கையில் மாட்டினால் பிபி பட்டை இறுகும்போதெல்லாம் விரலுக்கு ரத்தம் நின்று எண் தடாலென்று விழும், அலாரம் அடிக்கும். பதறி ஓடி வருவதற்குள் பட்டை தளர்ந்து எண் ஏறிவிடும். இந்த நாடகத்தை எங்கள் யூனிட்டில் தினமும் பார்க்கிறோம்.

ஆகவே பிபி எடுக்காத நேரத்தில், ஃபிஸ்டுலா இல்லாத கையைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் விடுங்கள். ஆக்ஸிமீட்டர் காட்டும் நாடித் துடிப்பும் மணிக்கட்டில் எண்ணும் துடிப்பும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் அந்தச் சாச்சுரேஷனை நம்ப வேண்டாம். காது மடலில் மாட்டும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் நோயாளி மூச்சுத் திணறுகிறார், உதடு நீலம் பாரிக்கிறது என்றால் விரலைச் சூடாக்கிக்கொண்டு நிற்க வேண்டாம், உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கருமையான தோலில் ஆக்ஸிமீட்டர் உண்மையைவிடச் சில புள்ளிகள் கூடுதலாகக் காட்டக்கூடும். 93 காட்டி நோயாளி திணறினால், "93 இருக்கே" என்று சும்மா இருக்கக் கூடாது.

8. சரி, விரலும் சூடாத்தான் இருக்கு, நிஜமாவே குறைஞ்சிருக்கு. எதனாலன்னு எப்படித் தெரியும்?

எப்போது குறைந்தது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கும். படுக்கையில் ஏறும்போதே குறைவு, தண்ணீர் எடுக்க எடுக்க ஏறுகிறது என்றால் நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. ட்ரை வெயிட்டை, அதாவது கூடுதல் நீர் இல்லாதபோது இருக்க வேண்டிய எடையை, மறுபடி பார்க்க வேண்டும். நான் பார்த்தவரை அதிகம் வருவது இதுதான். வரும்போது நன்றாக இருந்து முதல் ஒரு மணிக்குள் இறங்கினால் 6ஆம் பதிலில் சொன்ன காரணங்கள்.

கடைசி ஒரு மணியில் பிபியோடு சேர்ந்து இறங்கினால் தண்ணீரை வேகமாக இழுக்கிறோம், அல்லது இதயம் ஈடுகொடுக்கவில்லை. திரவத்தின் சூட்டைக் குறைப்பது நேரடியாக உதவக்கூடிய இடம் இதுதான்.

திடீரென, நெஞ்சு வலியோடோ இருமலோடோ இறங்கினால் ஆராய்ச்சி வேண்டாம். டயாலைசர் ஒவ்வாமை, குழாயில் காற்று புகுதல், இதயப் பிரச்சினை என்று எதுவும் இருக்கலாம். அருகில் இருப்பவர் செய்ய வேண்டியது சத்தம் போட்டுக் கூப்பிடுவது மட்டும்.

9. தூங்கும்போது 89, எழுப்பினா 96. இதுவும் டிகிரிதானா?

இல்லை. இது தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறுநீரக நோயாளிகளிடம் மிகவும் பரவலாக உண்டு. குறட்டை, பகல் தூக்கம், காலையில் தலைவலி இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். டயாலிசிஸ் நாற்காலியில் நாம் தற்செயலாகப் பார்ப்பது வீட்டில் ராத்திரி முழுக்க நடந்துகொண்டிருக்கும்.

10. குளிர்ந்த ரத்தம் ஆக்சிஜனை விடாமப் பிடிச்சுக்கும்னு படிச்சேன். அப்போ உறுப்புகளுக்குப் போகாதா?

படித்தது சரி. சூடு குறைந்தால் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும், சூடு ஏறினால் எளிதாக விடும். கேள்வி, எவ்வளவு என்பதுதான். மெஷினிலிருந்து திரும்பும் ரத்தம் நிமிடத்துக்கு 300 மி.லி. என்று வையுங்கள். இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் அளவில் ரத்தத்தைத் தள்ளுகிறது. 35.5 டிகிரியில் வரும் அந்தச் சிறு பங்கு மற்ற ரத்தத்தோடு உடனே கலந்துவிடும். உடம்பின் உள்சூடு குறைவது பெரும்பாலும் அரை டிகிரிக்குள்தான். அரை டிகிரிக்கு ஹீமோகுளோபினின் பிடியில் வரும் மாற்றம் கணக்கில் எடுக்கும் அளவில்லை.

இதைவிட நடுக்கம்தான் கவலை. உடம்பு நடுங்கும்போது தசைகள் வேலை செய்கின்றன, ஆக்சிஜன் செலவு பல மடங்கு ஏறும். இதயம் பலவீனமானவருக்கு அந்தச் சுமை கூடாது. குளிர் தாங்கலாம், நடுங்கக் கூடாது என்பது எங்கள் கணக்கு.

11. சுத்தி வளைக்காம சொல்லுங்க: குளிர்ந்த திரவம் ஆக்சிஜனுக்கு நல்லதா கெட்டதா?

பெரும்பாலானவர்களுக்குக் கெடுதல் இல்லை, சிலருக்கு நல்லது. டயாலிசிஸின்போது வரும் ஆக்சிஜன் இறக்கம் குளிர்ந்த திரவத்தில் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அவை குறைந்த ஆட்களை வைத்து நடந்தவை என்பதால் சாச்சுரேஷனை ஏற்றுவதற்காகவே டிகிரியைக் குறைக்கலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

என் பார்வையில் பெரிய லாபம் ரத்த ஓட்டத்தில்தான். சாச்சுரேஷன் 98 இருந்தும் பிபி 80க்கு விழுந்தால் மூளைக்கும் இதயத் தசைக்கும் ஆக்சிஜன் போய்ச் சேராது. பிரிட்டனில் மெக்கின்டயரும் அவருடைய குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வுகளில், குளிர்ந்த திரவத்தில் டயாலிசிஸ் செய்துகொண்டவர்களுக்கு ஒரு வருடத்துக்குப் பின் மூளையின் வெண்பகுதியில் சேதம் குறைவாக இருந்தது. அவையும் சிறிய ஆய்வுகள்தான், 4ஆம் பதிலில் சொன்ன பெரிய ஆய்வையும் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

12. விரல்ல 96, ஆனா மெஷின் ஸ்கிரீன்ல 62ன்னு இருக்கு. எது சரி?

உங்களுக்கு ஓடுவது கழுத்துக் கதீட்டர், அதாவது கழுத்தில் பெரிய சிரைக்குள் செருகிய குழாய், வழியாகவா? அப்படியென்றால் இரண்டும் சரி. சில மெஷின்களில் ரத்தக் குழாயில் ஆக்சிஜன் அளக்கும் உணரி இருக்கும். ஃபிஸ்டுலாவில் ஓடுவது தமனியிலிருந்து வரும் ரத்தம், எனவே அதன் எண் விரலின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும். கதீட்டர் இருப்பதோ இதயத்துக்கு அருகே, உறுப்புகள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்ட பிறகு திரும்பி வரும் ரத்தத்தில். குழாயின் நிறத்திலேயே தெரியும்: ஃபிஸ்டுலா ரத்தம் பளிச்சென்ற சிவப்பு, கதீட்டர் ரத்தம் அடர் சிவப்பு.

அந்தத் திரும்பும் ரத்தத்தில் 60 முதல் 80 வரை இருப்பது இயல்பு. டயாலிசிஸ் போகப் போக அது 50களுக்கு இறங்கினால், இதயம் தள்ளும் ரத்தம் குறைகிறது, உறுப்புகள் வழக்கத்தைவிட அதிகமாக உறிஞ்சுகின்றன என்று பொருள். பிபி விழும் முன்பே சில சமயம் இது இறங்கும். கவனிக்கத் தெரிந்தவருக்கு நல்ல முன்னறிவிப்பு.

13. நடுக்கம் வந்தா டிகிரியை ஏத்தச் சொன்னாப் போதுமா?

திரவம் குளிர்ந்ததால் வரும் குளிர் மெதுவாக வரும், போர்வை போர்த்தி அரை டிகிரி ஏற்றினால் அடங்கும். உடம்பைத் தூக்கிப் போடும் நடுக்கம், கூடவே காய்ச்சல், அதிலும் கதீட்டர் உள்ளவருக்கு என்றால் ரத்தத்தில் கிருமி என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். கிருமி உண்டா என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்து, மருத்துவரைக் கூப்பிட வேண்டும். குளிர்ந்த திரவம் காய்ச்சலை மறைத்துவிடவும் கூடும், அதனால் மெஷின் போடும் முன்பே உடல் சூட்டை அளப்பதை விடக் கூடாது.

14. தண்ணி சூடு தப்பித் தவறி அதிகமாயிட்டா?

சிவப்பணுக்கள் உடையும். 42 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. உடைந்த அணுக்கள் ஆக்சிஜனைச் சுமக்காது, அவற்றிலிருந்து வெளியேறும் பொட்டாசியம் இதயத்தைத் தாக்கும். முதுகு வலி, நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல் வரும். குழாயில் ரத்தம் திராட்சைச் சாறு போலத் தெளிந்து தெரியும். இதைத் தடுக்கவே சூடு எல்லை மீறினால் மெஷின் அலாரம் அடித்து, திரவத்தை டயாலைசருக்குள் விடாமல் வேறு வழியில் திருப்பிவிடும். அந்த அலாரத்தை வெறுமனே அணைத்துவிட்டு யாரும் ஓட்டக் கூடாது.

15. வயித்து டயாலிசிஸ் பண்றவங்களுக்கும் இதெல்லாம் உண்டா?

வயிற்றுக்குள் விடும் திரவப் பையை உடல் சூட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதற்கென உள்ள சூடேற்றும் தட்டில். சுடுதண்ணீரில் பையைப் போட்டால் கிருமி தொற்றும், மைக்ரோவேவில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் கொதிக்கும். ஆக்சிஜன் விஷயத்தில் இங்கே வேறு காரணம்: வயிறு நிறைந்தால் உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு, படுத்தால் மூச்சு முட்டும். சாய்ந்து உட்கார்ந்து பாருங்கள், அளவைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள்.

16. ஆக்சிஜன் மாஸ்க்கைப் போட்டு விட்டாப் போதாதா? எதுக்கு இத்தனை யோசனை?

எண் ஏறிவிடும், காரணம் அப்படியே இருக்கும். நீர் கோத்திருந்தால் நீரை எடுக்க வேண்டும், பிபி விழுந்தால் அதைத் தூக்க வேண்டும், ஹீமோகுளோபின் குறைவென்றால் மாஸ்க் பெரிதாக எதுவும் செய்யாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களுக்கு அளவு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் கார்பன் டை ஆக்சைடு தேங்கிவிடும். அவர்களில் பலருக்கு 88 முதல் 92 வரை இருந்தாலே போதும் என்று மருத்துவர் வரம்பு வைத்திருப்பார். அவசரத்தில் மாஸ்க் போடுவது சரி, போட்ட பிறகு 8ஆம் பதிலுக்குப் போங்கள்.

17. எனக்கும் டிகிரியைக் குறைச்சுப் பார்க்கணும். டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறது?

கையில் விவரத்தோடு போங்கள். சில டயாலிசிஸ்களுக்கு, தொடங்கும் முன் உடல் சூடு, ஒவ்வொரு மணியும் பிபி, சூடான விரலில் எடுத்த சாச்சுரேஷன், குளிர் தெரிந்ததா என்று எழுதி வையுங்கள். கடைசி ஹீமோகுளோபினையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குளிரில் விரல் வெளுத்து நீலமாகும் ரேனாட்ஸ் இருந்தாலோ, குளிரில் ரத்தம் கட்டிக்கொள்ளும் அரிய நோய்கள் இருப்பதாக முன்பு யாராவது சொல்லியிருந்தாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். வயதாகி மிகவும் மெலிந்தவர்களுக்கும் குறைப்பதில் நிதானம் வேண்டும்.

மருத்துவர் சம்மதித்தால் ஒரு தடவைக்கு அரை டிகிரி என்று இறக்குவார்கள், 35க்குக் கீழே போவதில்லை. குறைத்த எண்ணை உங்கள் ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். ஷிஃப்ட் மாறி வேறு டெக்னீஷியன் வந்தால் மெஷின் பழைய 37க்கே போய் நிற்பது சர்வசாதாரணம்.